கட்டணமில்லாத படிப்பு

உங்கள் அலுவலகத்தில் தேநீருக்குப் பால் தருவதில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், காய்ந்த பழத்தோலை வெந்நீரில் போட்டுத் தேநீர் என்று நீட்டுகிறவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. குடித்துவிடுகிறேன்.

மொழிபெயர்க்க இந்தப் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கிருசாந்தி என்று பெயர் சொன்னாள். இங்கே பிறந்து வளர்ந்தவள். "வணக்கம் அக்கா, இருங்கோ" என்பதையே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். உண்மையில் எனக்கு அவள் தேவையில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இத்தனை காலம் உழைத்தவளுக்கு உங்கள் ஜெர்மன் போதுமான அளவு தெரியும். ஆனாலும் தமிழில்தான் பேசுவேன் என்று நான்தான் கேட்டேன். இலக்கணம் பிழைத்துவிடுமோ என்று பயந்து பயந்து சொல்லக்கூடிய விஷயமில்லை இது.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. லக்ஷ்மிப்ரியா தன் கணவனுக்கு, அதாவது என் தம்பி சிவராமனுக்கு, இன்சுலின் ஊசியைத் தவறுதலாக இரண்டு தரம் போட்டாளா? அது எனக்குத் தெரியுமா? தெரியும் என்று தலையாட்டியிருந்தால் இந்நேரம் நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். நீங்களும் அவளுடைய வாக்குமூலத்தோடு என்னுடையதையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பீர்கள். உங்களுக்கு அது வசதி. ஆனால் அவள் சொன்னது பொய். பொய் என்று அவளுக்கே தெரியாது.

முதலில் உங்கள் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் பொலிஸ். பல்கலைக்கழகச் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்த மாநிலத்தில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு அரையாண்டும் பெரிய தொகை கட்ட வேண்டும். நாம் இருக்கிற இந்தக் கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரைன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வேறு மாநிலம். அங்கே அந்தக் கட்டணம் இல்லை. ஒரே ஆறு, இரண்டு கரை, இரண்டு நியாயம். இதைப் பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டு, யோசித்து, கை உயர்த்தி முடிவு செய்திருக்கிறார்கள். சரி, அதுவாவது போகட்டும். இதே கரையிலும் எல்லோரும் கட்ட வேண்டியதில்லை. இங்கே பள்ளிக்கூடம் முடித்த பிள்ளை கட்ட வேண்டாம். அகதியாக ஏற்கப்பட்டவர் கட்ட வேண்டாம். ஜெர்மன் குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் செய்து, அதன் பேரில் வதிவிட உரிமை பெற்றவர் கட்ட வேண்டாம். அதே பிள்ளை, அதே மூளை, அதே வகுப்பு வாங்கில் இருந்து அதே பாடத்தைக் கேட்கிறாள். யாரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறாள் என்பதைப் பார்த்துத்தான் விலை.

நான் இந்தச் சட்டத்தைச் செய்யவில்லை. வாசித்தேன். வாசித்தவர்கள் குறைவு.

லக்ஷ்மிப்ரியா என் வீட்டு மேல்மாடி அறைக்கு வாடகைக்கு வந்தவள். நாமக்கல்லில் தகப்பனுக்குக் கோழிப்பண்ணை. இந்தியாவிலிருந்து வருகிற பிள்ளைகளை எனக்குப் பெரிதாகப் பிடிப்பதில்லை. நாங்கள் அகதிகளாக இந்த நாட்டுக்குள் நுழைந்தபோது குளிருக்குக் காலில் ஒரு சப்பாத்துகூட இல்லை. முகாமில் ஒரு போர்வைக்குக் கை நீட்டினோம். இவர்கள் விமானத்தில் இறங்கி, பெரிய பெட்டியைச் சில்லில் உருட்டிக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்கிறார்கள். அவளும் அப்படித்தான் கேட்டாள். ஆன்ட்டி என்று சொல்ல வேண்டாம் என்றேன். அக்கா என்றாள். பணிவான பிள்ளைதான். பணிவு எனக்குப் பிடிக்கும்.

இரண்டாம் வருடம் தகப்பனுடைய பண்ணையில் நோய் விழுந்தது. கோழி எல்லாம் போயிற்று. ஒரு நாள் மாலை என் சமையலறையில் வந்து நின்று அழுதாள்.

"ஃபீஸ் கட்டலைன்னா என்ரோல்மென்ட் கேன்சல் பண்ணிடுவாங்க அக்கா. அது போனா விசாவும் போயிடும். அப்பாகிட்ட எப்படிக் கேக்கிறதுன்னே தெரியல."

"அழாதை பிள்ளை" என்றேன். "வழி இருக்கு."

வழி என் வீட்டுக் கீழ்த்தளத்தில் படுத்திருந்தது. என் தம்பி. கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் வேலையிடத்திலேயே விழுந்தான். வலப்பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு குழறும். நீரிழிவு வேறு. கல்யாணம் ஆகாதவன். ஜெர்மன் கடவுச்சீட்டு உள்ளவன். அவனைத் தூக்கிக் குளிப்பாட்டி என் இடுப்பு போயிருந்தது. பராமரிப்பு நிறுவனம் அனுப்பிய பெண்களோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் துணியை நனைப்பார்கள். ஒருத்தி என்னிடமே சொன்னாள், தம்பியின் அறையைக் காற்றோட்டமாக வைக்க வேண்டுமாம். என் வீட்டில், எனக்கு. அவர்களை நிறுத்திவிட்டேன்.

இப்போது நீங்களே யோசியுங்கள். ஒரு பக்கம் வதிவிட உரிமை இல்லாத பிள்ளை. மறுபக்கம் ஆள் துணை இல்லாத மனிதன். இரண்டையும் சேர்த்து வைத்தேன். இதில் என்ன குற்றம்? சட்டம் சொன்ன வாசல் வழியாகத்தான் அவளை உள்ளே அழைத்தேன்.

தம்பிதான் முரண்டு பிடித்தான். "அக்கா, வேண்டாம். அது பாவம். சின்னப் பிள்ளை" என்றான். அவன் நல்லவன். நல்லவர்களால் வீடு நடத்த ஏலாது. அவள் படிப்பு நின்றால் ஊரில் தகப்பன் தூக்கில் தொங்குவான், அந்தப் பழி உனக்கு என்றேன். ஒத்துக்கொண்டான்.

தகப்பனோடு வீடியோவில் பேசியதும் நான்தான். தம்பியைத் தலையணையில் சாய்த்து, நல்ல சட்டை போட்டு, இயங்காத கை படத்தில் விழாதபடி இருத்தினேன். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். லாஜிஸ்டிக்ஸ் என்றேன். பொய்யில்லையே. வயதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் குடியுரிமை இருக்கிறதா என்று அடுத்ததைக் கேட்டுவிட்டார். பெண்ணைப் பெற்றவர்களைப் பற்றி உலகம் உருகி உருகிப் பேசுகிறது. நான் ஒருவரைக் கண்ணால் பார்த்தேன்.

பதிவு அலுவலகத்தில் தம்பி "யா" என்றான். அவளும் "யா" என்றாள். பதிவாளர் அம்மா கண்ணைத் துடைத்தாள். சக்கர நாற்காலியில் ஒரு மாப்பிள்ளை, பக்கத்தில் பட்டுப்புடவையில் ஓர் இளம் பெண். காதல் என்று நினைத்துக்கொண்டாள். உங்கள் ஆட்களை ஏமாற்றத் தேவையே இல்லை, ஒரு சக்கர நாற்காலி போதும்.

அடுத்த அரையாண்டிலிருந்து அவளுக்குக் கட்டணம் இல்லை.

அவள் என்னை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் அது மச்சாள். நான் திருத்தவில்லை. திருத்தி என்ன ஆகப்போகிறது? வேலை நன்றாகச் செய்தாள். விடிய எழும்பி அவனைத் துடைத்து, உடுப்பு மாற்றி, ஊசி போட்டு, சாப்பாடு ஊட்டிவிட்டு வகுப்புக்கு ஓடுவாள். பிறகு நான் மதியச் சமையலையும் அவளிடம் விட்டேன். வகுப்புக்குப் போவது குறைந்தது. ஒரு நாள் கேட்டாள், "அண்ணி, இந்த செமஸ்டர் லேப் மிஸ் பண்ணினா ஒரு வருஷம் போயிடும்."

கட்டணமில்லாத படிப்புக்கு என்ன அவசரம் என்றேன். பெயர் பதிவில் இருக்கிறது, ஒருவரும் காசு கேட்கவில்லை, ஆறுதலாகப் படிக்கலாம். அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடியதற்குக் காரணம் உண்டு. கல்யாணத்தின் பேரில் வந்த உரிமை, கணவனோடு சேர்ந்து மூன்று வருடம் குடும்பம் நடத்தினால்தான் அவளுக்கே சொந்தமாகும். அதற்கு முன் வீட்டை விட்டுப் போனால் உரிமை போகும். உரிமை போனால் கட்டணம் வரும், கட்டணம் வந்தால் படிப்பு போகும். இதை நான் அவளுக்கு ஒரு தரம்தான் சொன்னேன். நல்ல மாணவி.

என்னைக் கொடுமைக்காரி என்று எழுதப் பார்க்கிறீர்கள். பேனா அசைவதில் தெரிகிறது. ஒரு நாளும் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. அறையைப் பூட்டியதில்லை. பூட்டுகிற வேலையை உங்கள் சட்டம் பார்த்துக்கொண்டது.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றுதான். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

தம்பியின் குழறலை விளங்கிக்கொள்ள எனக்கே பொறுமை கிடையாது. அவள் கட்டில் ஓரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். தன் பாடத்தை அவனுக்குச் சொல்லுவாள். தண்ணீரைச் சுத்திகரிக்கிறதைப் பற்றி ஏதோ படிப்பு. கழிவுநீரில் என்னென்ன நுண்ணுயிர் இருக்கிறது என்று இவள் சொல்ல, அவன் கேள்வி கேட்க, இரண்டு பேரும் சிரிப்பார்கள். கதவுக்கு வெளியே நின்று நான் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். அவனைச் சிறு வயதிலிருந்து வளர்த்தது நான். அம்மா செத்தபோது இடுப்பில் தூக்கி வைத்திருந்தது நான். என்னோடு அவன் அப்படிச் சிரித்தது எனக்கு நினைவில்லை. கழிவுநீரில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூன்று வருடம் நிறைவதற்குச் சில வாரம் இருக்கும்போது அதே கதவுக்கு வெளியே இதையும் கேட்டேன்.

"முடிஞ்ச உடனை நீர் போம்" என்றான் தம்பி. ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளிச் சொன்னான். "பிறகு ஒருத்தரும் உம்மை ஒண்டும் செய்யேலாது. ட்ரெஸ்டனிலை உம்மடை ஃப்ரெண்ட் இருக்கிறா எல்லே. அங்கை போய்ப் படியும்."

"நான் போனா உங்களை யார் பாத்துப்பாங்க?"

"காசுக்குப் பாக்கிற ஆக்கள் இருக்கினம். அக்கா நிப்பாட்டினதை நான் திரும்பக் கேப்பன். நானும் மனிசன்தானே, என்ரை வாயாலை கேப்பன்."

"அண்ணி விட மாட்டாங்க."

"அவவை நான் பாக்கிறன்."

என்னை அவன் பார்த்துக்கொள்வானாம். ஒரு கரண்டியைத் தானாகப் பிடிக்கத் தெரியாதவன்.

நான் கோபப்படவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று எழுதினால் தண்டனை குறையுமோ என்னவோ, எனக்கு அந்தச் சலுகை வேண்டாம். நான் யோசித்தேன். சட்டம் இதுவரை அவளைப் பிடித்து வைத்திருந்தது. இனிச் சட்டம் கையை விட்டுவிடும். வேறு ஏதாவது பிடித்து வைக்க வேண்டும். அவளைப் போன்ற பிள்ளையைப் பிடித்து வைக்கக் கூடியது அவளுடைய மனச்சாட்சி ஒன்றுதான். அவளிடம் அது நிறைய இருந்தது. அதிகமாக வைத்திருப்பவர்களிடம்தான் எடுக்க முடியும்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மயக்கம் வர வேண்டும். அவள் வந்து பார்க்க வேண்டும். தன் கை பிழைத்துவிட்டது என்று அவள் நடுங்க வேண்டும். பிறகு ஒரு நாளும் அவனை விட்டுப் போக அவளுக்கு மனம் வராது. அவ்வளவுதான். பார்த்தால் அவனுக்கும் நல்லதுதான்.

காலையில் அவள் வழக்கம் போல ஊசி போட்டு, சாப்பாடு கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். மதியம் திரும்புவதாகச் சொன்னாள். அவள் திரும்புகிற நேரத்தைக் கணக்குப் பார்த்து நானும் ஒன்று போட்டேன். அவன் என்னைப் பார்த்தான்.

"அக்கா, அவ போட்டவ" என்றான்.

"இல்லைத் தம்பி, மறந்து போனா" என்றேன்.

அவனுக்குத் தெரியும். ஆனால் அக்கா சொன்னால் நம்பிப் பழகியவன்.

அன்றைக்கு டிராம் பாதையில் ஏதோ திருத்த வேலை. எந்த வண்டியும் நேரத்துக்கு வரவில்லை. இந்த நகரத்தில் எப்போது பார்த்தாலும் எங்கேயாவது கிண்டிக்கொண்டேதான் இருப்பார்கள். என் பங்கை நான் சரியாகச் செய்தேன். உங்கள் டிராம்தான் பிந்தியது.

முதலில் அவனுக்கு வேர்த்தது. பிறகு கை நடுங்கியது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு இருந்தேன். அவனைத் தனியே விடவில்லை. இனிப்பாக ஏதாவது தரச் சொல்லிக் கேட்டான். பழச்சாறு மேசையில்தான் இருந்தது. அவனுடைய நல்ல கைக்குக் கொஞ்சம் எட்டாத தூரம். "பொறு, பிரியா வரட்டும்" என்றேன். திரும்பவும் கேட்டான். திரும்பவும் அதையே சொன்னேன். அவள் வந்து பார்க்கும்போது அவன் தெளிவாக இருந்தால் இத்தனையும் வீண் அல்லவா? மூன்றாம் தரம் அவன் கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் அம்மாவின் கண் அவனுக்கு. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் டிராம் வருகிறதா என்று பார்த்தேன்.

அவள் வந்தபோது அவன் மூச்சு நின்றிருந்தது.

கிருசாந்தி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். பரவாயில்லை, காத்திருக்கிறேன். "அக்கா, இதை இப்பிடியே சொல்லவோ?" என்று கேட்கிறாள். இப்படியே சொல்லும் பிள்ளை. அழகுபடுத்த வேண்டாம்.

பிறகு நடந்தது சுலபம். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு கத்தி ஓய்ந்த பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "காலமை ஊசி போட்டனியே பிள்ளை? ரெண்டு தரம் போட்டியோ?"

"ஒரு தடவைதான் அண்ணி." தன் கையைப் புரட்டிப் பார்த்தாள். "ஒரு தடவைதான் போட்டேன். போட்டேனா?"

படித்த பிள்ளை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரை எல்லாம் எண்ணத் தெரிந்தவள். தன் கை செய்ததை நினைவில் வைத்திருக்கத் தெரியவில்லை. நான் அவளைக் கட்டிப்பிடித்து, ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்றேன். டாக்டர் வந்தார். பக்கவாதம், நீரிழிவு, பாவம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மின்சாரத்தில் எரித்தோம்.

கணவன் செத்துப்போனால் மூன்று வருடக் கணக்கு இல்லாமலே அவளுக்குத் தனி உரிமை உண்டு. அதே சட்டத்தில், அடுத்த வரியிலேயே இருக்கிறது. அவன் செத்த நாளிலேயே அவளுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. நான் அந்த வரியை அவளுக்குச் சொல்லவில்லை. உன் விசாவும் அவனோடு போயிற்று, இனி நான் பார்த்து உன்னைக் காப்பாற்றினால்தான் உண்டு என்றேன். எந்த அலுவலகத்துக்கும் போய்க் கேட்க அவளுக்குத் துணிவில்லை. உன் கணவன் எப்படிச் செத்தான் என்று கேட்டுவிடுவார்களே.

ஒரு வருடம் இருந்தாள். அந்த ஒரு வருடமும் நாங்கள் நன்றாகவே வாழ்ந்தோம். அவனைக் கவனித்ததைப் போலவே என்னைக் கவனித்தாள். என் இடுப்புக்கு எண்ணெய் தேய்ப்பாள். பேச்சு மட்டும் இல்லை. சிரிப்பும் இல்லை. வீடு அமைதியாக இருந்தது.

போன வாரம் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவள் திரும்பவில்லை. நேரே உங்களிடம் வந்து, என் கணவரைக் கொன்றது நான்தான் என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். நான் தலையாட்டத்தான் வந்தேன். சத்தியமாக அதற்குத்தான் வந்தேன். அப்போது நீங்கள் ஒன்று சொன்னீர்கள். இங்கே முதல் இரவிலேயே நன்றாகத் தூங்கினாளாம். ஒரு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் தூங்குகிறேன் என்றாளாம்.

பொலிஸ் அறைக்கட்டிலில், என் வீட்டை விட நன்றாக.

அதை என்னால் ஏற்க முடியாது. அவளுக்குச் சொந்தமில்லாத குற்றத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்குகிறாள். அந்தக் குற்றம் என்னுடையது. சிவராமனைக் கொன்றது நான். கேட்டபோது சாறு கொடுக்காமல், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். இனி அவளுக்கு இங்கே தங்க உரிமை இல்லை. வெளியே அனுப்புங்கள், வீட்டுக்குப் போகட்டும்.

என்னை இங்கேயே இருத்திவிட்டு வெளியே போன நீங்கள், பல மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கிருசாந்தியிடம் ஏதோ சொன்னீர்கள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள்.

"அவ போயிட்டா அக்கா. ஃப்ரெண்ட் வந்து கூட்டிக்கொண்டு போயிட்டாவாம். உங்களைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையாம். இதை மட்டும் உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவவாம்."

மேசையில் வைத்திருக்கிறாள். என் வீட்டுச் சாவி.

பார்த்தீர்களா, வாசல் சாவியையே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எப்போதும் இப்படித்தான், மறதிக்காரி. நான் எங்கே இருந்தாலும் இது என்னிடமே இருக்கட்டும். தேடிக்கொண்டு வருவாள்.